குணமாயிருச்சு என்று நான் சொன்னேன்

1

இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை, என் மகள் மித்ரா லேப்டாப்பை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

“அம்மா, ஜஸ்ட் ரீட் இட். திருத்தாத,” என்றாள்.

இங்கே அமெரிக்காவில் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் மதிப்பெண் பட்டியலோடு தங்களைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுதி அனுப்ப வேண்டும். மித்ராவின் தோழிகளெல்லாம் பரதநாட்டிய அரங்கேற்றத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார்கள். இவள் யாரைப் பற்றி எழுதுகிறாள் என்று பல வாரங்களாகச் சொல்லவேயில்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினாள். பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் அபார்ட்மெண்ட் சின்னது. ஆனாலும் அந்தக் கதவுக்கும் சமையலறைக்கும் நடுவில் உள்ள தூரம் ஒவ்வொரு வருடமும் கூடிக்கொண்டே போகிறது.

கட்டுரை என் அக்கா வளருவைப் பற்றியது. முதல் வரியிலேயே அக்கா மைதானத்தில் விசில் ஊதிக்கொண்டு நின்றாள். ராசிபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியின் விளையாட்டு டீச்சர், கோ-கோ அணியின் பயிற்சியாளர், மார்பகப் புற்றுநோயில் இறந்தவர் என்று மித்ரா நன்றாகவே எழுதியிருந்தாள். பிறகு என்னைப் பற்றி வந்தது. புற்றுநோய் ஏன் திரும்பி வருகிறது என்று ஆராயும் விஞ்ஞானி என் அம்மா. கடலுக்கு அப்பாலிருந்தே தன் அக்காவின் ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் பொறுமையாக விளக்குவார். என்னைப் பள்ளியில் விடக் காரோட்டிப் போகும்போதுகூட, பெரியம்மாவின் மாத்திரைகளைப் பற்றி ஸ்பீக்கரில் ஆலோசனை சொல்லிக்கொண்டிருப்பார்.

அந்த வரிக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை.

அந்த வாரம்தான் அக்காவின் முதல் தெவசம் முடிந்திருந்தது. அக்காவின் கணவர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், வாட்ஸ்அப்பில் படங்கள் அனுப்பியிருந்தார். வெள்ளைத் தொப்பியோடு அக்கா சிரிக்கும் படத்துக்குச் சம்பங்கி மாலை போட்டிருந்தார்கள். கீழே, “நீ வர முடியாததுக்கு வருத்தப்படாதே பாப்பா. விசா கஷ்டம் எங்களுக்குத் தெரியாதா,” என்று எழுதியிருந்தார்.

“இந்தக் கட்டுரைய அனுப்பாத,” என்றேன் மித்ராவிடம்.

அவள் முகம் சுருங்கிவிட்டது. “ஒய்? என்ன தப்பு இருக்கு?”

ஒரே ஒரு வரிதான் தப்பு. அது ஏன் தப்பு என்று அவளுக்குச் சொல்லும் முன் உங்களுக்குச் சொல்கிறேன். ஊரில் இதைப் படிக்கப்போகிறவர்களில் என் சொந்தக்காரர்களும் இருப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

2

நான் டாக்டர் இல்லை. பிஎச்.டி. வாங்கியவள். ஊரில் இந்த வேறுபாட்டை யாரும் பொருட்படுத்துவதில்லை. ‘அமெரிக்காவுல கேன்சர் டாக்டர்’ என்றே அக்கா பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். நானும் திருத்தவில்லை. கேட்பதற்கு நன்றாக இருந்தது.

நான் வேலை பார்ப்பது ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வகத்தில். நோயாளிகளை நான் பார்ப்பதில்லை. பார்ப்பதெல்லாம் தட்டில் வளரும் செல்களை. செல்லுக்குள் மைக்ரோ ஆர்என்ஏ என்று மிகச் சிறிய இழைகள் உண்டு. மரபணு எழுத்துக் கணக்கில் இருபத்துச் சொச்சம் எழுத்து நீளம்தான். அவை தாமாக எதையும் கட்டுவதில்லை. மற்ற ஜீன்கள் அனுப்பும் கட்டளைகளில் எவை நிறைவேறக் கூடாதோ அவற்றை அடக்கிவைப்பதுதான் அவற்றின் வேலை. அதில் லெட்-7 என்று ஒரு குடும்பம். முதிர்ந்த செல்களில் அது நிறைய இருக்கும். ‘நீ வளர்ந்துவிட்டாய், உன் வேலையை மட்டும் பார்’ என்று செல்லை ஒரு நிலையில் நிறுத்தி வைக்கும். இன்னும் எதுவாகவும் ஆகாத, எதுவாகவும் ஆகக்கூடிய ஸ்டெம் செல்களில் அது குறைவு. சில புற்றுச்செல்களில் இந்த இழை குறைந்துபோகிறது. அப்போது அந்தச் செல் பின்னோக்கிப் போய், ஸ்டெம் செல்லைப் போல நடந்துகொள்ள ஆரம்பிக்கிறது. மருந்துக்குச் சாகாமல் பதுங்கும். வருடக்கணக்கில் அசையாமல் கிடக்கும். பிறகு ஒருநாள், ஒற்றைச் செல்லிலிருந்து புதிய கட்டியை எழுப்பும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று இருக்கிறது. செல்கள் அடியில் ஒட்ட முடியாத தட்டில் அவற்றை மிதக்க விடுவோம். பெரும்பாலானவை செத்துப்போகும். ஸ்டெம் செல் குணம் கொண்ட சில மட்டும் மிதந்தபடியே பெருகி உருண்டை கட்டும். சில நாள் கழித்து அந்த உருண்டைகளை மைக்ராஸ்கோப்பில் எண்ண வேண்டும். குறைந்துபோன இழையைத் திரும்ப ஊட்டினால் உருண்டைகள் குறைகின்றனவா என்று பார்க்க வேண்டும். என் வேலை நாட்களில் பாதி இந்த எண்ணிக்கையில்தான் போகிறது.

ஏழு வருடங்களுக்கு முன் அக்காவுக்கு நோய் வந்தது. சேலத்தில் ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். ரிப்போர்ட்டை மாமா எனக்கு அனுப்பினார். அடுத்த நாள் வீடியோவில் கூப்பிட்டார்கள். எனக்குக் காலை, அவர்களுக்குச் சாயங்காலம். இரண்டு பேரும் ஒரே ஃபோனில் முகத்தை நுழைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கீமோவில் கொட்டிய முடி அக்காவுக்குக் குருத்துவிட்டிருந்தது. அதைச் சொன்னேன்.

“அது கெடக்கட்டும். உன்ற வேலை என்னன்னு இத்தன வருஷமா எனக்குப் புரியலடி. இன்னைக்குச் சொல்லு,” என்றாள்.

மேலே எழுதியதைத்தான் சொன்னேன். அக்கா ஃபோனுக்கு இன்னும் கிட்டே வந்தாள்.

“அதாவது, வயசான பிளேயரு ஒண்ணு வயசக் குறைச்சு சர்டிபிகேட் வாங்கிட்டு வந்து அண்டர்-14 டீம்ல எறங்கிருது. அதான?”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஜோனல் போட்டிகளில் வயது சர்டிபிகேட் மோசடியைப் பிடிப்பதில் அக்கா கெட்டிக்காரி. பதினைந்து வருடமாக நான் மேடை மேடையாக விளக்கியதை அவள் ஒரே வரியில் சொல்லிவிட்டாள்.

பிறகு கேட்டாள். “என்னோடதும் அப்படி எங்கியாச்சும் ஒளிஞ்சிருக்குமா பாப்பா?”

ரிப்போர்ட்டில் இருந்தது ‘நோ எவிடென்ஸ் ஆஃப் டிசீஸ்’ என்ற வாசகம். நோய் இருப்பதற்கான தடயம் இல்லை என்பது மட்டும்தான் அதன் பொருள். நோய் இல்லை என்று அதற்குப் பொருள் கிடையாது. இந்த இடைவெளியில்தான் என் பிழைப்பே நடக்கிறது. அந்த வார்த்தைகளைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று தேடினேன். இரண்டு முகங்களும் என்னையே பார்த்தன. தேடுவதை விட்டுவிட்டேன்.

“இல்லக்கா. குணமாயிருச்சு,” என்றேன்.

மாமா கையெடுத்துக் கும்பிட்டார். திரைக்கு இந்தப் பக்கம் இருந்த என்னைத்தான் கும்பிட்டார்.

குணம் என்ற சொல்லுக்குத் தமிழில் இயல்பு என்றும் பொருள், சுகம் என்றும் பொருள். அன்று காலை பதினோரு மணிக்கு ஆய்வகக் கூட்டத்தில், சிகிச்சைக்குப் பிறகும் மிஞ்சும் செல்களின் குணத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினேன்.

3

அக்காவின் கட்டி ஹார்மோனால் வளரும் வகை. அதனால் தினமும் ஒரு மாத்திரை, ஐந்து வருடமாவது விடாமல் சாப்பிட வேண்டும். மிச்சம் மீதி செல்கள் எங்காவது இருந்தால் அவற்றுக்குத் தீனி கிடைக்காமல் வைத்திருப்பது அதுதான். பக்கவிளைவும் உண்டு. அக்காவுக்கு மூட்டு மூட்டாக வலித்தது. காலையில் எழுந்தால் விரலை மடக்க முடியாது. மைதானத்தில் ஓட முடியாது.

மாத்திரை ஆரம்பித்து ஒன்றரை வருடம் இருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை மித்ராவைப் பள்ளியில் விட்டுவிட்டு ஆய்வகத்துக்குப் போக வேண்டும். ரூட் 1 நெடுஞ்சாலையில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. ஒன்பது மணிக்கு நான் ஒரு கூட்டத்தில் பேச வேண்டும். பின்சீட்டில் மித்ரா வயலின் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஹெட்ஃபோன் மாட்டியிருந்தாள். அக்கா கூப்பிட்டாள்.

“பாப்பா, ஓட்டிட்டிருக்கியா? ரெண்டே நிமிஷம்.”

“சொல்லுக்கா.”

“இந்த மாத்திரை இன்னும் எத்தன நாளைக்குடி? உக்காந்தா எந்திரிக்க முடியல. புள்ளைங்க முன்னால நொண்டிக்கிட்டுப் போறேன். டீம் ஜோனல்ஸ் போகுது. நான் கூட ஓடலீனா அதுங்க எப்படி ஓடும்?”

முன்னால் இருந்த லாரி திடீரென்று நின்றது. பிரேக்கை அழுத்தினேன். மணியைப் பார்த்தேன்.

“ரெண்டு வாரம் நிறுத்திப் பாருக்கா. வலி மாத்திரையாலதானான்னு தெரிஞ்சுரும். அப்புறம் பாத்துக்கலாம்.”

“நிறுத்தலாமா? ஒண்ணும் ஆகாதில்ல?”

“உனக்குத்தான் குணமாயிருச்சே. பயப்படாத.”

இரண்டு வாரம் நிறுத்திப் பார்க்கச் சொல்வது மருத்துவர்களும் செய்வதுதான். ஆனால் அவர்கள் பதினைந்தாவது நாள் வரச் சொல்லுவார்கள், வந்ததும் என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். நான் கேட்கவில்லை. பதினைந்தாவது நாள் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதுகூட ஞாபகமில்லை. உருண்டைகளை எண்ணிக்கொண்டிருந்திருப்பேன். அடுத்து நாங்கள் பேசியபோது அக்கா உற்சாகமாக இருந்தாள். அணி ஜோனலில் ஜெயித்திருந்தது. வலி போயே போய்விட்டது என்றாள். நல்லது என்றேன். மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்தாயா என்ற கேள்வி அந்த ஃபோனிலும் வரவில்லை, அதற்குப் பிந்திய ஃபோன்களிலும் வரவில்லை.

4

இரண்டரை வருடம் கழித்து அக்காவுக்கு முதுகு வலித்தது. முதலில் தைலம் தேய்த்தாள். பிறகு எக்ஸ்ரே, பிறகு ஸ்கேன். முதுகெலும்பில் மூன்று இடங்களில் இருந்தது. ஈரலில் ஒரு இடம்.

நான் மூன்று வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். சேலத்து மருத்துவமனையில் அக்கா, மாமா, நான் மூவரும் டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்திருந்தோம். அவர் பழைய ஃபைலைப் புரட்டினார்.

“ஹார்மோன் மாத்திரை ரெகுலரா சாப்பிடறீங்களா?”

அக்கா குனிந்து கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

“எப்ப நிறுத்துனீங்க?”

“ரெண்டரை வருஷம் இருக்குமுங்க,” என்றாள் அக்கா.

“யார் நிறுத்தச் சொன்னது?”

அக்கா என் பக்கம் திரும்பினாள். ஒரே ஒரு நொடி. கண்ணில் கோபம் இல்லை. டாக்டரம்மாவிடம் திரும்பி, “யாரும் சொல்லலைங்க. நானாத்தான் விட்டுட்டேன். முட்டி வலி தாங்கல,” என்றாள்.

மாமாவின் முகம் செத்துப்போனது. மாதாமாதம் அந்த மாத்திரையை வாங்கி வந்தவர் அவர்தான். ஒரு மாதம் அக்கா வாங்க வேண்டாம் என்று சொன்னபோது, முடிந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக் கேட்காமல் விட்டிருக்கிறார். “ஏன் நிறுத்தறேன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கோணும்,” என்று டாக்டரம்மாவிடம் சொன்னார். “ஜவ்வரிசி மில்லுல மூட்டைக் கணக்கு தப்புனா கண்டுபுடிச்சிருவேனுங்க. இதப் பாக்காம விட்டுட்டேன்.”

நான் அவர் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். வாயைத் திறந்தால் போதும். திறக்கவில்லை.

அந்த முறை எனக்கு நேரமில்லை என்றும் சொல்ல முடியாது. பதினைந்து வருடம் கழிந்தும் கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறவர்கள் நாங்கள். எங்களைப் போன்றவர்கள் ஊருக்கு வந்தால், திரும்பிப் போகச் சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் பாஸ்போர்ட்டில் விசா முத்திரை வாங்க வேண்டும். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி என் வேலை விவரத்தைப் படித்தார். செல், வைரஸ், மரபணு என்று வரிக்கு வரி இருந்தது. கூடுதல் பரிசீலனை தேவை என்று ஒரு சீட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டார். எத்தனை நாள் என்று கேட்டதற்கு, இணையதளத்தைப் பாருங்கள் என்றார்.

மூன்று வாரம் பத்து வாரமானது. மித்ராவின் பரீட்சையையும் என் வேலையையும் நினைத்துத் தினமும் புலம்பினேன். கணவர் செந்தில் அங்கே தனியாகச் சமாளித்துக்கொண்டிருந்தார். அந்தப் பத்து வாரமும் நான் அக்காவின் வீட்டில், அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் இருந்தேன். அவளுக்குத் தலை சீவிவிட்டேன். கஞ்சி வைத்துக் கொடுத்தேன். ஒரு மத்தியானம் அவளே ஆரம்பித்தாள்.

“அவருகிட்ட ஒண்ணும் சொல்லாத பாப்பா.”

“எதக்கா?”

“அதான்.” சற்று மூச்சு வாங்கிக்கொண்டாள். “நீ ரெண்டு வாரம்னுதான் சொன்னே. வலி போனதும் எனக்கே திரும்ப ஆரம்பிக்க மனசில்ல. உன்னயும் கேக்கல. கேட்டா சாப்புடுன்னு சொல்லிருவியேன்னு பயம்.”

அவள் எனக்கு ஒரு வழி விட்டுக்கொடுத்தாள். நான் அதில் ஏறிப் போய்விட்டேன். ‘ரெண்டு வாரம் கழிச்சு நாந்தானேக்கா கேட்டிருக்கணும்’ என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “தூங்குக்கா,” என்றேன்.

மறுவாரம் பாஸ்போர்ட் வந்தது.

5

நான் திரும்பி வந்த நான்காவது மாதம், ஐப்பசியில், அக்கா போய்விட்டாள்.

நான் போகவில்லை. விசாப் பிரச்சினை என்று எல்லோரிடமும் சொன்னேன். ஊரில் அந்தச் சொல்லுக்கு மறுபேச்சு கிடையாது. பெற்ற தாய்க்குக் கொள்ளி வைக்க வராதவனைக்கூட அந்த ஒரு சொல்லுக்காக மன்னித்துவிடுகிறார்கள். என் பாஸ்போர்ட்டில் புது முத்திரை இருந்தது. இன்னும் இரண்டு வருடத்துக்கு மேல் செல்லும். அன்று சாயங்காலமே விமானம் இருந்தது. செந்தில் டிக்கெட் பார்த்துவிட்டு என் பதிலுக்காக நின்றார். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அக்காவின் உடலுக்குப் பயப்படவில்லை. மாமா என் தோளில் சாய்ந்து அழுது, ‘நாந்தான் பாப்பா கவனிக்காம விட்டுட்டேன்’ என்று சொன்னால் என்ன பதில் சொல்வது என்றுதான் பயந்தேன்.

இவை எல்லாவற்றையும் அந்தச் சனிக்கிழமை மித்ராவிடம் சொன்னேன். பாதித் தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் சொன்னேன். காரில் நடந்ததைச் சொன்னபோது அவள் என்னை நிறுத்தினாள்.

“ஐ வாஸ் தேர். ஐ குட் ஹியர் யூ. ஐ தாட் யூ வேர் ஹெல்ப்பிங் ஹர்.”

“நானும் அப்படித்தான் நெனச்சேன்.”

லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். எதையும் தட்டவில்லை.

“டஸ் பெரியப்பா நோ?”

“இல்ல.”

“அம்மா.” அவள் குரல் மாறியது. “கட்டுரைக்காக நான் அவர்கிட்ட பேசினேன். போன மாசம். அவர் ஃபுல் டைம் அழுதார். ஹி திங்க்ஸ் ஹி டிட் இட்.” பிறகு அவர் சொன்னதை அப்படியே, அவருடைய ஊர்ப் பேச்சில், தன் அமெரிக்க நாக்கால் சொன்னாள். “ ‘நாந்தான் கண்ணு அவளக் கொன்னுட்டேன்.’ ”

எனக்குத் தெரியாமல் அவர்கள் இருவரும் பேசியிருக்கிறார்கள். இவளுக்குத் தமிழ் போய்விட்டது, ஊர் போய்விட்டது என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் குறைபட்டுக்கொண்டிருந்தேன். நான் பேசப் பயந்த மனிதரிடம் இவள் உட்கார்ந்து, அவர் அழுது முடிக்கும்வரை கேட்டிருக்கிறாள்.

“யூ ஹேவ் டு டெல் ஹிம்,” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

6

மறுநாள் காலை ஏழரை மணிக்குக் கூப்பிட்டேன். மாமா மில்லிலிருந்து வந்து டீ போட்டுக்கொண்டிருந்தார். அடுப்புச் சத்தம் கேட்டது.

“மாமா, கொஞ்சம் உக்காருங்க. ஒண்ணு சொல்லணும்.”

“என்ன பாப்பா, ஒடம்புக்கு ஏதாச்சுமா?”

“அக்காவ மாத்திரைய நிறுத்தச் சொன்னது நாந்தாங்க மாமா.”

அடுப்பை அணைத்தார். நான் வரிசையாகச் சொன்னேன். ரூட் 1, ஒன்பது மணிக் கூட்டம், இரண்டு வாரம், பிறகு நான் கேட்காமல் விட்டது. ஸ்கேன் ரிப்போர்ட்டில் இருந்தது ஒன்று, நான் சொன்னது வேறொன்று என்பதையும் சொன்னேன். ஒளிந்திருக்குமா என்று அக்கா கேட்டபோது, இருக்கலாம் என்று எனக்குத் தெரிந்திருந்தது என்றும் சொன்னேன். அக்கா சொல்லாதே என்று கேட்டுக்கொண்டதைச் சொல்லவில்லை. அதைச் சொன்னால் அவள் பின்னால் ஒளிவது போலாகிவிடும்.

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

“எந்த மாசம்?” என்று கேட்டார்.

“ஜோனல்ஸுக்கு முன்னாலங்க.”

“ஆமா. அப்பத்தான் வாங்க வேண்டாமுன்னா.” பிறகு, “மாத்திரை சாப்பிட்டிருந்தா வளரு இருந்திருப்பாளா?” என்றார்.

எளிதான பதில் ஒன்று இருந்தது. எப்படியும் வந்திருக்கும் என்று சொன்னால் எங்கள் இரண்டு பேர் பாரமும் இறங்கும்.

“தெரியலைங்க மாமா. சாப்பிட்டும் சிலருக்குத் திரும்ப வருது. ஆனா வர்ற வாய்ப்பு கொறஞ்சிருக்கும். அது நிச்சயம்.”

“ஆஸ்பத்திரியில அந்தம்மா யாரு நிறுத்தச் சொன்னதுன்னு கேட்டப்ப நீயும் இருந்தே.”

“இருந்தேங்க.”

“எம்பக்கத்துலதான் உக்காந்திருந்தே.”

“ஆமாங்க மாமா.”

“ஒரு வருஷமா நான் சோத்துல கைய வெச்சா எறங்கல பாப்பா.” குரல் உடையவில்லை. கணக்குச் சொல்வது போல் நிதானமாகச் சொன்னார். “ஒரு வருஷம்.”

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். “வெக்கறேன்,” என்று சொல்லி வைத்துவிட்டார்.

தினமும் காலையில் பூப்படத்தோடு ‘இனிய நாள்’ என்று ஒரு செய்தி அவரிடமிருந்து வரும். பல வருடப் பழக்கம். நான் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. அடுத்த நாளிலிருந்து அது வரவில்லை. ஆய்வகத்தில் மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் உட்கார்ந்தால் எண்ணிக்கை தவறியது. ஒரே தட்டை மூன்று தடவை எண்ணினேன். அந்த வாரம் சோதனை நன்றாகவே வந்திருந்தது. இழையைத் திரும்ப ஊட்டிய தட்டுகளில் உருண்டைகள் பாதிக்கும் கீழே போயிருந்தன. கூட வேலை செய்பவர்கள் கை தட்டினார்கள். அக்காவின் செல்களில் இதுதான் நடந்ததா என்று யாருக்கும் தெரியாது. யாரும் சோதித்துப் பார்க்கவில்லை, இனிப் பார்க்கவும் முடியாது. தட்டில் இருப்பது யாரோ ஒரு முகம் தெரியாத பெண்ணின் செல்கள்.

மித்ரா கட்டுரையில் அந்த வரியை எடுத்துவிட்டாள். வேறு என்ன எழுதினாள் என்று நான் கேட்கவில்லை. அனுப்பிவிட்டேன் என்று மட்டும் சொன்னாள்.

7

ஆறு வாரம் கழித்து ஒரு ஞாயிறு காலை மாமா வீடியோவில் கூப்பிட்டார். இளைத்திருந்தார். அவருக்குப் பக்கத்தில், நெற்றியில் திருநீறோடு ஒரு பெண்மணி சங்கடமாக உட்கார்ந்திருந்தார்.

“இவங்க ஜெயந்தி டீச்சர். வளரு ஸ்கூல்ல கணக்கு டீச்சர்,” என்றார் மாமா. நலமா என்று கேட்கவில்லை. “போன வருஷம் இவங்களுக்கும் அதே ஆபரேஷன். அதே மாத்திரை. கையெல்லாம் வலிக்குது, நிறுத்தப் போறேங்கறாங்க. பக்கத்து வீட்டுல யாரோ நிறுத்துனாத் தப்பில்லைன்னு சொன்னாங்களாம்.”

“சரிங்க மாமா.”

“நீ சொல்லு.” திரையை நேராகப் பார்த்தார். “வளருக்குச் சொன்னாப்ல சொல்லாத.”

நாற்காலியை மேசைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

“டீச்சர், மொதல்ல ஒண்ணு சொல்லிடறேங்க. நான் வைத்தியம் பாக்கற டாக்டர் இல்லைங்க. ஆராய்ச்சி மட்டுந்தான்.”

ஜெயந்தி டீச்சர் மாமாவைப் பார்த்தார். மாமா தலையசைத்தார்.

மெதுவாகச் சொன்னேன். கட்டியை எடுத்த பிறகும் சில செல்கள் மிஞ்சலாம், மிஞ்சாமலும் இருக்கலாம். இருந்தால் எந்த ஸ்கேனிலும் தெரியாது. உறங்குவது போல் கிடக்கும். அவற்றை எழவிடாமல் வைக்கத்தான் மாத்திரை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தமிழ் கிடைத்தது. அக்கா கேட்ட அன்றும் கிடைத்திருக்கும்.

“அப்ப எனக்கு நோய் போயிருச்சா இல்லீங்களா?” என்று கேட்டார் டீச்சர்.

“தெரியலைங்க டீச்சர். யாராலயும் சொல்ல முடியாதுங்க. இப்போதைக்கு எங்கயும் தென்படல. அவ்வளவுதாங்க.”

அவர் கண் கலங்கியது. முந்தானையால் துடைத்துக்கொண்டார். “போயிருச்சுன்னு சொல்லுவீங்கன்னு நெனச்சு வந்தேனுங்க,” என்றார். கொஞ்சம் பொறுத்து, “பரவால்லீங்க. வலிக்கு என்ன பண்றது?” என்றார்.

“அத உங்க டாக்டர்கிட்டத்தாங்க கேக்கணும். அவங்களக் கேக்காம ஒருநாள்கூட நிறுத்தாதீங்க.”

“செவ்வாக்கெழம நானே கூட்டிட்டுப் போறேன்,” என்று மாமா ஃபோனை வாங்கி அணைத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை நான் ஆய்வகத்துக்குக் கிளம்பும் நேரத்தில் ஃபோன் அடித்தது. பையைத் தரையில் வைத்துவிட்டு எடுத்தேன்.

“பாத்துட்டு வந்தாச்சு,” என்றார் மாமா. பின்னால் பேருந்து நிலையத்து இரைச்சல். “வலின்னு சொன்னதும், அந்தம்மா அந்த மாத்திரைய விட்டுட்டு வேற ஒண்ணு எழுதிக் குடுத்துட்டாங்க. அதே வேலை செய்யுமாம். இது ஒத்துக்கலீனா இன்னொண்ணும் இருக்குதாம்.”

“ஆமாங்க மாமா. இருக்குதுங்க.”

அது எனக்கு எப்போதுமே தெரியும். அக்கா கூப்பிட்ட காலையிலும் தெரிந்துதான் இருந்தது.

“டாக்டர் ரூமுக்குள்ள அஞ்சு நிமிஷம்,” என்றார் மாமா. “அஞ்சே நிமிஷந்தான் பாப்பா ஆச்சு.”

சேலம் பேருந்து நிலையத்தில் ஒரு கண்டக்டர் ராசிபுரம், ராசிபுரம் என்று கூவிக்கொண்டிருந்தது மட்டும் கேட்டது. இரண்டு பேருமே ஃபோனை வைக்கவில்லை.